உங்கள் டிராக் எவ்வளவு கஷ்டம்? ஆடுபவர் தடுமாறும் இடத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

போன ஜூனில் ஒரு சனிக்கிழமை, பெங்களூரு முருகேஷ்பாளையாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையனுக்குப் பதிமூன்று வயது. டிராக்மேனியா என்ற கார் ரேஸ் கேமில் நான் புதிதாகப் போட்ட டிராக்கை அவனிடம் கொடுத்தேன். 41 விநாடியில் முடிந்துவிடுகிற சின்ன டிராக். "ரொம்ப ஈஸிடா, புதுசா ஆடுறவங்களுக்குன்னே போட்டது" என்று சொல்லித்தான் கொடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் விடாமல் ஆடினான். ஒரு தடவைகூட ஃபினிஷைத் தொடவில்லை. கடைசியில் கன்ட்ரோலரை மெதுவாகச் சோபாவில் வைத்துவிட்டு, "மாமா, எனக்கு இதெல்லாம் வராது போல" என்றான்.

அந்த வார்த்தை என்னை விடவே இல்லை. அவனுக்கு எல்லாம் வரும். நான்தான் டிராக்கைத் தப்பாகப் போட்டு, அதன் மேல் "ஈஸி" என்று தப்பான பெயரையும் ஒட்டியிருந்தேன். ஒரு பிள்ளை தன் மேலேயே சந்தேகப்படும்படி ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் கஷ்டத்தை எப்படி அளப்பது என்று உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன். ஈஜிப்புராவில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறோம். மதுரை, தூத்துக்குடி, ஓசூர் என்று ஆளுக்கொரு ஊர். ஆபீஸ் முடிந்து வந்தால் எல்லோரும் ஆடுவோம். அவர்களை வைத்தும், அக்கா பையனை வைத்தும் பார்த்துக் கற்றுக்கொண்டதை இங்கே அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்கள் டிராக்கில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு நான்கு வரி. டிராக்மேனியா பிரான்ஸ் நாட்டு நாடியோ ஸ்டுடியோ செய்தது. முதல் பதிப்பு 2003-ல் வந்தது. நாங்கள் ஆடுவது 2020 ஜூலை 1 அன்று வெளியானது. இதில் கார்கள் ஒன்றையொன்று இடிக்காது, கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி. எடிட்டரில் பிளாக் பிளாக்காக அடுக்கி யார் வேண்டுமானாலும் சொந்த டிராக் போடலாம். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி வேறு ரேஸ் கேம்களில் டிராக் போடுபவர்களுக்கும் பொருந்தும்.

எதையும் சரிசெய்யும் முன்

மூன்று பேரைப் பிடியுங்கள். இந்த கேமையே ஆடாதவர் ஒருவர், வாரம் ஒருமுறை ஆடுபவர் ஒருவர், உங்களைவிட நன்றாக ஆடுபவர் ஒருவர். ஒரு தாளில் செக்பாயிண்ட் (வழியில் கடந்தாக வேண்டிய இடங்கள்) எண்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அவர் எங்கே மோதுகிறாரோ, எங்கே விழுகிறாரோ, அங்கே ஒரு கோடு. எத்தனையாவது முயற்சி என்பதும் பக்கத்திலேயே.

அப்புறம் பேசக்கூடாது. இதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. "அங்க பிரேக் போடு" என்று வாய் தானாக வந்துவிடும். அந்த ஒரு சொல் வெளியே வந்த நிமிடமே அந்தச் சோதனை முடிந்தது. டிராக்கை முதன்முதலாகப் பார்க்கிற கண் ஒருவரிடம் ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதனால் பாதி வேலை முடிந்த டிராக்கைக் காட்டி எல்லோருடைய கண்ணையும் செலவழித்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர்தான். இப்போதெல்லாம் ஒரு டிராக்குக்கு முதலில் ஒருவரை மட்டும் கூப்பிடுகிறேன், திருத்தினபிறகு அடுத்தவர்.

ஆடி முடித்ததும் "எப்படி இருந்தது, கஷ்டமா?" என்று கேட்பதில் பலன் இல்லை. நண்பர்கள் நம் மனம் நோகாமல்தான் பதில் சொல்வார்கள். "எந்த இடம் ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். முதலில் சொல்கிற இடத்தைத் தாளில் வட்டம் போடுங்கள்.

அறிகுறி: எல்லோரும் ஒரே இடத்தில் விழுகிறார்கள்

இதுதான் அதிகம் வருவது. இதில் உடனே எடிட்டரைத் திறந்து அந்த இடத்தை அகலப்படுத்தப் போகாதீர்கள். முதலில் தாளைப் பாருங்கள். முதல் நான்கைந்து முயற்சியில் விழுந்து, அதற்கப்புறம் ஒருவரும் அங்கே விழவில்லையா? அல்லது இருபதாவது முயற்சியிலும் விழுகிறார்களா? இரண்டும் வேறு வேறு நோய்.

சீக்கிரம் சரியாகிவிடுகிறது என்றால் அந்த இடம் ஓட்டுவதற்குக் கஷ்டமில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் கோயில் திருப்பத்துக்கு முன்னால் பெயின்ட் அடிக்காத ஒரு ஹம்ப் இருக்கிறது. தெருக்காரர்கள் யாரும் அதைக் கவனிப்பதே இல்லை, கை தானாக ஆக்ஸிலேட்டரைக் குறைத்துவிடும். புதிதாக வருகிற டெலிவரி பையன்தான் இரவில் தூக்கி எறியப்படுகிறான். அந்த ஹம்ப்பைத் தாண்ட எந்தத் திறமையும் வேண்டியதில்லை, அங்கே ஒரு ஹம்ப் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். டிராக்கிலும் இப்படித்தான். மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற திருப்பம், காற்றில் பறந்துபோகும்போது கீழே தெரியாத ரோடு, இரண்டு வழி பிரிகிற இடத்தில் எது சரி என்று தெரியாதது, எல்லாமே பெயின்ட் அடிக்காத ஹம்ப்தான்.

இதைக் கணக்கு போட்டே பார்க்கலாம். டிராக்மேனியாவில் ஒரு பிளாக்கின் பக்கம் 32 மீட்டர். 300 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 83 மீட்டர் போகிறது, அதாவது இரண்டரை பிளாக்குக்குக் கொஞ்சம் மேலே. அக்கா பையன் விழுந்த இடத்தில் ஒரு மேடு, அது முடிந்து இரண்டே பிளாக்கில் இடது திருப்பம். 64 மீட்டர். மேட்டின் உச்சியில் திருப்பம் கண்ணில் பட்டதிலிருந்து அதை அடைய முக்கால் விநாடி. ஒரு வெளிச்சம் எரிந்தால் பட்டனை அமுக்கு என்று சொன்னால்கூட மனிதர்களுக்குக் கால் விநாடி அளவுக்கு ஆகும். இடமா வலமா என்று பார்த்து முடிவு செய்ய இன்னும் கூடும். கையைத் திருப்பவும் பிரேக் போடவும் அவனுக்கு மிஞ்சியது அரை விநாடிக்கும் குறைவு. எனக்கு அந்தத் தொல்லையே இல்லை, திருப்பம் வரும் என்று எனக்கு முன்பே தெரியும், மேட்டில் ஏறும்போதே காரை இடது பக்கம் சாய்த்துவிடுவேன்.

நான் செய்தது இரண்டே மாற்றம். திருப்பத்தை இன்னும் இரண்டு பிளாக் தள்ளி வைத்தேன், ஒன்றரை விநாடி கிடைத்தது. மேட்டில் ஏறும் முன்பே தெரியும்படி இடது பக்கம் காட்டுகிற அம்புக்குறிப் பலகை ஒன்று. திருப்பத்தின் வளைவையோ அகலத்தையோ தொடவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆறாவது முயற்சியில் முடித்தான்.

வேகம் கூடக் கூட இந்தத் தூரமும் கூட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 450 கிலோமீட்டரில் அதே 64 மீட்டர் அரை விநாடியில் போய்விடும். டிராக்கின் முதல் பாதியில் சரியாக இருந்த அமைப்பை நகலெடுத்து, டர்போவுக்கு (காரின் வேகத்தைக் கூட்டுகிற பிளாக்) அப்புறம் ஒட்டினால் அது வேறு இடமாகிவிடுகிறது.

இன்னும் மூன்று விஷயங்களையும் இங்கேயே சோதித்துவிடுங்கள். ஒன்று கேமரா. நீங்கள் ஆடுகிற கேமராவில் மட்டும் பார்த்தால் போதாது. 1, 2, 3 என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள், காருக்கு நெருக்கமான கேமராவில் மேட்டுக்குப் பின்னால் எதுவுமே தெரியாமல் போகலாம். இரண்டாவது வெளிச்சம். ராத்திரி மூடில் டிராக் அழகாக இருக்கும், நானும் அதற்கு ஆசைப்படுவேன், ஆனால் பகலில் தெளிவாகத் தெரிந்த ரோடு விளிம்பு ராத்திரியில் அப்படியே மறைந்துவிடும். மூன்றாவது அலங்காரம். ரோட்டுக்கு வெளியே நட்டுவைத்த வளைவுகளும் கம்பங்களும் வழி மாதிரியே தோன்றி ஆளை இழுக்கும். ஓசூர்க்கார நண்பன் ஒரு டிராக்கில் மூன்று தடவை அலங்கார வளைவுக்குள் புகுந்து வெளியே விழுந்தான். அவன் கண்ணுக்கு அதுதான் ரோடு.

இருபதாவது முயற்சியிலும் விழுகிறார்கள் என்றால் அது நிஜமாகவே ஓட்டக் கஷ்டமான இடம். அதை இலகுவாக்க வேண்டுமா, அல்லது டிராக்கின் பெயர்ப்பலகையில் இருக்கும் லெவலை ஏற்ற வேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். கஷ்டமான டிராக் போடுவதில் தப்பே இல்லை. எல்லோரும் பார்த்துப் புரிந்துகொண்டு, பிறகு ஓட்ட முடியாமல் திணறி, ஒருநாள் ஓட்டிக் காட்டுகிற டிராக்குகள்தான் இந்த விளையாட்டின் உயிர்.

அறிகுறி: எனக்கு மட்டும் ஈஸியாக இருக்கிறது

டிராக்கை நாமே ஒருமுறை ஃபினிஷ்வரை ஓட்டிக் காட்டினால்தான் கேம் அதைச் செல்லுபடியாக ஏற்கும். அந்த நேரம்தான் ஆத்தர் டைம். இது நல்ல விதி, முடிக்கவே முடியாத டிராக்குகளை வடிகட்டும். ஆனால் "நான் முடித்துவிட்டேன், ஆகவே எல்லோரும் முடிக்கலாம்" என்ற நினைப்பையும் இதுதான் நம் தலையில் ஏற்றுகிறது.

நாம் ஒரு டிராக்கைக் கட்டும்போதே ஒவ்வொரு துண்டையும் ஐம்பது நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிடுகிறோம். முழு டிராக்காக ஓட்டுகிற முதல் முயற்சி நமக்கு நிஜத்தில் ஐந்நூறாவது முயற்சி. கைக்குப் பாடமாகிவிட்டது. அந்தப் பாடத்தை மறக்கவைக்க எனக்குத் தெரிந்த ஒரே மருந்து நாட்கள்தான். டிராக்கை முடித்ததும் மூடிவைத்துவிட்டு இரண்டு வாரம் வேறொன்றில் வேலை செய்யுங்கள். திரும்ப வந்து ஓட்டுகிற முதல் ஐந்து முயற்சிகளை மட்டும் எழுதிவையுங்கள். அந்த ஐந்தில் நீங்கள் விழுந்த இடம்தான் மற்றவர்களுக்கு மலையாகத் தெரியப்போகிற இடம்.

இரண்டு வாரம் காத்திருக்க முடியாது என்றால் வேண்டுமென்றே மோசமாக ஓட்டுங்கள். திருப்பத்துக்கு வழக்கத்தைவிட ஒரு கார் அகலம் தள்ளி நுழையுங்கள். ஒரு இடத்தில் லேசாகச் சுவரை உரசி வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அடுத்த குதிப்பைத் தாண்ட முடிகிறதா பாருங்கள். புதியவர் எப்போதும் உங்களைவிட மெதுவாகத்தான் அங்கே வந்து சேர்வார். நீங்கள் 320-ல் தாண்டுகிற பள்ளத்துக்கு அவர் 260-ல் வருவார். அந்த வேகத்தில் தாண்டவே முடியாது என்றால், முந்தைய மூன்று திருப்பத்தையும் அவர் சரியாக எடுத்தாக வேண்டும் என்று நீங்கள் சொல்லாமல் கேட்கிறீர்கள்.

போட்டவரே முடித்துக் காட்டினார் என்பது எதற்கும் சாட்சி ஆகாது என்பதற்கு வேறொரு விளையாட்டிலிருந்து ஓர் உதாரணம். நின்டெண்டோவின் சூப்பர் மாரியோ மேக்கர் 2015-ல் வந்தது. அதிலும் இதே விதி: தான் போட்ட கட்டத்தைத் தானே முடித்துக் காட்டினால்தான் பதிவேற்ற முடிந்தது. அது ஓடுகிற வீ யூ என்ற கேம் கன்சோலின் ஆன்லைன் சேவை 2024 ஏப்ரல் 8 அன்று நிற்கப்போகிறது என்றதும், யாரும் முடிக்காத கட்டங்கள் எல்லாவற்றையும் அதற்குள் முடித்துவிடுவது என்று ஆட்டக்காரர்களின் ஒரு பெரிய கூட்டம் மும்முரமாக இறங்கியது. கடைசியில் ஒரே ஒரு சின்னக் கட்டம் மிஞ்சியது. பல நாள் கைவலிக்க முயன்றபிறகு, மார்ச் மாதத்தில் அதைப் போட்டவரே சொன்னார்: தான் அதைக் கையால் முடிக்கவில்லை, பட்டன்களைத் தானாக அமுக்குகிற கருவியின் உதவியோடு முடித்துப் பதிவேற்றியது என்று. ஆனாலும் சேவை நிற்பதற்குச் சில நாள் முன்பு ஒருவர் அதைக் கையாலேயே முடித்தார். விதி ஒன்றுதான், ஆனால் "முடித்தார்" என்ற சொல்லுக்குள் எத்தனை விதமான முடித்தல் இருக்கிறது பாருங்கள்.

அறிகுறி: செக்பாயிண்ட்டிலிருந்து கிளம்ப முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்

புதிதாக டிராக் போடுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இதில் வழுக்கிவிழுகிறோம். டிராக்மேனியாவில் விழுந்தபிறகு கடைசி செக்பாயிண்ட்டிலிருந்து திரும்பக் கிளம்ப ரீஸ்பான் என்று ஒரு பட்டன் உண்டு. அதை ஒருமுறை அமுக்கினால், செக்பாயிண்ட்டைக் கடந்தபோது இருந்த வேகத்தோடு பறந்து கிளம்பலாம். இரண்டுமுறை அமுக்கினால் அங்கேயே நின்ற நிலையில் இருந்து கிளம்பும். கடிகாரம் இரண்டிலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், ஆடுபவர் செக்பாயிண்ட்டைக் கோணலாகவோ ரொம்ப மெதுவாகவோ கடந்திருப்பார். வேகத்தோடு கிளம்பினால் அதே கோணலில் போய் அதே சுவரில்தான் மோதுவார். சரி என்று நின்று கிளம்பினால், முன்னால் இருக்கிற பள்ளத்தைத் தாண்ட வேகம் போதாது. இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டது. ஆரம்பத்திலிருந்துதான் வரவேண்டும். திறமைசாலிக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அவர் தப்பு செய்தால் எப்படியும் முதலிலிருந்துதான் தொடங்குவார். புதியவருக்கோ செக்பாயிண்ட்தான் உயிர்நாடி.

சோதனை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். ஒவ்வொரு செக்பாயிண்ட்டிலும் நில்லுங்கள், இரண்டுமுறை அமுக்கி நின்ற நிலையில் இருந்து கிளம்பி, அடுத்த செக்பாயிண்ட் வரை போய்ச் சேர முடிகிறதா பாருங்கள். ஒன்றில்கூட விட்டுவிடாதீர்கள். முடியவில்லை என்றால், செக்பாயிண்ட்டுக்குப் பின்னால் ஒரு டர்போ வையுங்கள், அல்லது செக்பாயிண்ட்டையே பள்ளத்துக்கு அந்தப்புறம் நகர்த்துங்கள். நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன். கஷ்டமான இடத்தைத் தாண்டியவருக்கு அதற்கான பலன் உடனே கையில் கிடைக்கிறது, திரும்ப அதையே தாண்டச் சொல்வதில்லை.

அறிகுறி: "இது வெறும் லக்" என்கிறார்கள்

இந்த கேமில் லக் என்று ஒன்று கிடையாது. ஒரே மாதிரி பட்டன்களை ஒரே நேரத்தில் அமுக்கினால் கார் ஒரே மாதிரிதான் போகும். ஆனாலும் ஆடுபவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கை அசைவில் மிகச் சின்ன வித்தியாசம், விளைவில் மிகப் பெரிய வித்தியாசம் வருகிற இடத்தைத்தான் மனசு லக் என்று சொல்கிறது.

அநேகமாக அது ஒரு தரையிறக்கமாக இருக்கும். கார் மூக்கைக் குத்தியபடி சமதளத்தில் விழுந்தால் ஒருமுறை நேராகப் போகும், ஒருமுறை துள்ளிப் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு ஓடும். விழுகிற பாதைக்கு ஏற்றபடி தரையைச் சரிவாக்கிவிட்டால், நான்கு சக்கரமும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடும், பிரச்சினை பெரும்பாலும் அடங்கிவிடும். சோதிக்க அந்தத் தரையிறக்கத்தை இருபது தடவை ஓட்டுங்கள். உங்களாலேயே இருபதில் நான்கைந்து தடவை எதிர்பாராதபடி துள்ளுகிறது என்றால் அதைக் கட்டாயம் மாற்றுங்கள். டிராக் கஷ்டம் என்று சொன்னால் ஆட்கள் திரும்ப வருவார்கள். நியாயமில்லை என்று தோன்றிவிட்டால் வரமாட்டார்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. சில இடங்கள் ஒரு வித்தையைத் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும். காற்றில் பறக்கும்போது பிரேக்கைத் தட்டினால் கார் சுழல்வது நிற்கும் என்பது பழகியவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. தார் ரோட்டில் வேகமாகத் திரும்பும்போது பிரேக்கைத் தட்டினால் டிரிஃப்ட் ஆகும், அதாவது கார் சறுக்கியபடி திரும்பும் என்பதும் அப்படியே. புதியவருக்கு இரண்டும் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. உங்கள் டிராக்கில் இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் முடிக்கவே முடியாது என்றால், மற்றதெல்லாம் எவ்வளவு இலகுவாக இருந்தாலும் அதை ஆரம்பநிலை என்று போடாதீர்கள்.

அறிகுறி: ஒவ்வொரு இடமும் ஈஸி, மொத்தத்தில் யாராலும் முடிக்க முடியவில்லை

தூத்துக்குடி நண்பனின் டிராக்கில் இது நடந்தது. பத்து குதிப்புகள், எதைத் தனியாகக் கேட்டாலும் "அது ஒன்றுமில்லையே" என்பார்கள். தாளில் போட்ட கோடுகளும் எந்த ஓர் இடத்திலும் குவியவில்லை, எல்லா இடத்திலும் ஒன்றிரண்டு.

கஷ்டத்தைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். ஓர் இடத்தைப் பத்துக்கு ஒன்பது தடவை தாண்டுகிறீர்கள் என்றால் அது ரொம்ப ஈஸி. அப்படிப் பத்து இடம் வரிசையாக இருந்தால், எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் தாண்டும் வாய்ப்பு 0.9-ஐப் பத்து தடவை பெருக்கி வருவது: ஏறக்குறைய 35 சதவீதம். பத்துக்கு எட்டு என்றால் பத்து இடம் சேர்ந்து 11 சதவீதம்தான். பழகியவர் ஒவ்வொன்றையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தாண்டுவார், அவருக்கு மொத்தம் 90 சதவீதம். அதனால்தான் டிராக் போட்டவருக்கும் ஆடுபவருக்கும் இடையே இவ்வளவு தூரம்.

இதற்கு மருந்து இடங்களை இலகுவாக்குவதைவிட எண்ணிக்கையைக் குறைப்பதுதான். நண்பன் பத்தில் நான்கை எடுத்துவிட்டு அங்கே நீளமான திறந்த ரோடு போட்டான், தப்பினாலும் வேகம் மட்டும் போகும், விழமாட்டார்கள். விழுந்தால் எல்லாம் போச்சு என்கிற இடத்துக்கும், உரசினால் அரை விநாடி நஷ்டம் என்கிற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளில் தனி நிறத்தில் குறியுங்கள். ஓரத்தில் ஒரு சுவர் எழுப்பினால் பல இடங்கள் முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்கு மாறிவிடும்.

அப்புறம் வரிசை. மிகக் கஷ்டமான இடத்தை ஃபினிஷுக்குப் பக்கத்தில் வைத்தால், அதை ஒருமுறை பழகுவதற்கு முழு டிராக்கையும் ஓட்டிவர வேண்டும். மூன்று நிமிட டிராக்கின் கடைசியில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் இருபது தடவைகூட அந்த இடத்தைப் பார்க்க முடியாது. அதே இடம் பத்தாவது விநாடியில் இருந்தால் நூற்றுக்கணக்கில் பழகலாம். பாதிக்கு முன்னால் கஷ்டமானதை வைத்து, முடிவில் வேகமாகவும் அகலமாகவும் விட்டுவிடுவது என் கைக்குப் பிடித்த முறை. தாண்டியவர் சந்தோஷமாக வந்து சேரட்டும்.

அறிகுறி: முடிக்கிறார்கள், ஆனால் மெடல் அபத்தமாக இருக்கிறது

ஆத்தர் டைமை வைத்து கேம் தானாகவே மற்ற மெடல்களைப் போட்டுவிடும். 1.06-ஆல் பெருக்கினால் தங்கம், 1.2-ஆல் வெள்ளி, 1.5-ஆல் வெண்கலம். ஒவ்வொன்றும் அடுத்த முழு விநாடிக்கு ஏற்றப்படும். என் 41.2 விநாடி டிராக்குக்குத் தங்கம் 44, வெள்ளி 50, வெண்கலம் 62 விநாடி.

சின்ன டிராக்கில் இந்த ஏற்றம் கணக்கையே மாற்றிவிடும். ஆத்தர் டைம் 12.4 என்றால் தங்கம் 13.144, அது 14 ஆகிறது. ஆறு சதவீதம் என்று நினைத்தது பதின்மூன்று ஆகிவிட்டது, தங்கம் சும்மா கிடைக்கும். மூன்று நிமிட டிராக்கில் தங்கத்துக்கு 11 விநாடி இடைவெளி, ஆனால் ஒரு தடவை விழுந்து நின்ற நிலையில் கிளம்பினாலே அதில் பெரும்பகுதி போய்விடும். இது தெரிந்தால் போதும், ஆடுபவர் "தங்கம் ரொம்ப ஈஸி" என்று சொன்னதை வைத்து டிராக்கையே கஷ்டமாக்கிவிடாமல் இருப்பீர்கள்.

பெரிய தப்பு நடப்பது ஆத்தர் டைமில்தான். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அரைத்து எடுத்த நேரத்தைப் பதித்தால் மூன்று மெடலும் மேலே போய்விடும். அவசரமாக ஒருதடவை ஓட்டிப் பதித்தால் மூன்றும் கீழே வந்துவிடும். நான் அரை மணி நேரத்தில் என்னால் எடுக்க முடிகிற நேரத்தைப் பதிக்கிறேன். நல்ல ஓட்டம், ஆனால் உயிரைக் கொடுத்த ஓட்டம் இல்லை.

சின்னச் சின்ன அறிகுறிகள்

கன்ட்ரோலர்காரர் ஈஸி என்கிறார், கீபோர்டுக்காரர் கஷ்டம் என்கிறார்: நீளமான மெல்லிய வளைவு இருக்கும். கீபோர்டில் அம்புக்குறியை அமுக்கினால் முழுத் திருப்பம், விட்டால் ஒன்றுமில்லை, அதனால் தட்டித் தட்டி ஓட்ட வேண்டும். இரண்டிலும் நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

உங்களைவிட நான்கு விநாடி குறைவாக ஒருவர் முடித்துவிட்டார்: குறுக்குவழி இருக்கிறது. அவருடைய கோஸ்ட்டை (அவர் ஓட்டிய ஓட்டத்தின் பதிவு) ஓடவிட்டுப் பாருங்கள். அவர் வெட்டிய இடத்தில் ஒரு செக்பாயிண்ட் வைத்தால் அடைந்துவிடும், எல்லா செக்பாயிண்ட்டையும் தொட்டால்தான் ஃபினிஷ் கணக்காகும்.

போர் அடிக்கிறது என்கிறார்கள்: அதற்காகக் கஷ்டத்தை ஏற்றாதீர்கள். அநேகமாக ஐந்து விநாடிக்கு மேல் கைக்கு வேலையே இல்லாத ஓர் இடம் இருக்கும். அதைக் கொஞ்சம் வெட்டுங்கள்.

கடைசியில் என்ன பெயர் போடுவது?

டிராக்குகளைப் பகிர்ந்துகொள்கிற டிராக்மேனியா எக்ஸ்சேஞ்ச் தளத்தில் பதிவேற்றும்போது பிகினர், இன்டர்மீடியட், அட்வான்ஸ்ட், எக்ஸ்பர்ட், லூனடிக், இம்பாசிபிள் என்று ஆறில் ஒன்றைப் போட்டவரே தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாங்கள் வைத்திருக்கிற அளவு இது. கேமையே ஆடாதவர் பத்து முயற்சிக்குள், ரீஸ்பான் உதவியோடாவது முடித்தால் பிகினர். வாரம் ஒருமுறை ஆடுபவர் பத்துக்குள் விழாமல் முடித்தால் இன்டர்மீடியட். அவருக்கு ஒரு மணி நேரம் ஆனால் அட்வான்ஸ்ட். என்னைவிட நன்றாக ஆடுபவருக்கே ஒரு மணி நேரம் ஆனால் எக்ஸ்பர்ட். அதற்கு மேலே உள்ள இரண்டையும் நான் போட்டதில்லை. இரண்டு லெவலுக்கு நடுவில் நிற்கிறது என்று தோன்றினால் மேலே உள்ளதைப் போடுகிறேன். "அட்வான்ஸ்ட்" என்று எழுதியதை எளிதாக முடித்த பையன் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பான். "பிகினர்" என்று எழுதியதில் தோற்றவன் கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிடுவான்.

அக்கா பையன் ஆடிய அந்த டிராக் இப்போது இன்டர்மீடியட் என்ற பெயரில்தான் இருக்கிறது. திருப்பத்தைத் தள்ளிவைத்த பிறகும் ஆறாவது செக்பாயிண்ட்டுக்குப் பின் நின்ற நிலையில் கிளம்பினால் சரியாக ஏறவில்லை, அங்கே ஒரு டர்போ வைத்திருக்கிறேன். போன வாரம் அவன் 43.6 எடுத்துத் தங்கம் வாங்கினான். அடுத்ததாக எடிட்டரைத் தனக்குச் சொல்லித்தரச் சொல்லியிருக்கிறான். அவன் போடும் முதல் டிராக்கில் நான் ஆடுபவனாக உட்காரப்போகிறேன், அவன் பக்கத்தில் தாளும் பேனாவுமாகப் பேசாமல் இருக்க வேண்டும்.